கல்தழை

ஸாண்டஃபியோர்
1927 அக்டோபர் 2

அன்புள்ள ஐலெர்டுக்கு,

நானும் உன் அம்மா மாரெனும் இங்கே உயிரோடு இருக்கிறோம். நலம் என்று சொன்னால் அவளுடைய இருமலே என்னைப் பொய்யனாக்கிவிடும். கடவுள் உன்னைக் கடலில் நனையாமல் வைத்திருக்கட்டும். எனக்கு எழுத்து வராது என்பது உனக்குத் தெரிந்ததுதான். எப்போதும்போல நான் சொல்லச் சொல்லப் பக்கத்து வீட்டு பெர்த்தே எழுதுகிறாள். அவள் புருஷன் கோயில்பிள்ளை போய்ச் சேர்ந்த பிறகு அவளுக்கும் பொழுது போக வேண்டுமே. (இதையும் எழுதச் சொல்கிறார். எழுதியாயிற்று. — பெர்த்தே)

நீ பீரங்கிக்காரன் ஆகிவிட்டாய் என்று ஊரெல்லாம் பேச்சு. உன் வயசில் ஒருவனை விபோர்க் முதலாளி திமிங்கிலப் பீரங்கிக்குப் பின்னால் நிற்க விட்டதே இல்லை என்கிறார்கள். மீன் கடையில் இப்போது எனக்குத்தான் முதலில் நிறுக்கிறான். சந்தோஷம்தான்.

ஒரு வேலை இருக்கிறது உனக்கு. போன வருஷமும் கேட்டோம். பனி தீவின் கரையை அடைத்துக்கொண்டது, இறங்க முடியவில்லை என்றாய். இந்த வருஷம் இறங்கு. உன் அப்பன்மேல் வைத்த தழை அப்படியே இருக்கிறதா என்று பார்த்து எழுது. மாரென் தினமும் கேட்கிறாள். அடுத்த வருஷம் கேட்க அவள் இருப்பாள் என்று டாக்டர் சொல்லவில்லை.

தாலாட்டுக்குப் பதிலாக நீ இந்தக் கதையைக் கேட்டு வளர்ந்தவன். இருந்தாலும் இடம் தவறிவிடக் கூடாது, இன்னொரு தரம் சொல்கிறேன். நாங்கள் அப்போது தென்துருவக் கடலுக்குச் சீல் வேட்டைக்குப் போயிருந்தோம். நீ மாரென் வயிற்றில் இருந்தாய். அந்தத் தீவில் ஒரு பாசிகூடக் கிடையாது. பழுப்புச் சரிவு, காற்று, அவ்வளவுதான். ஆனால் சரிவு முழுக்கக் கல்மரம் கிடக்கும். நேற்று வெட்டிப் போட்டதுபோல, வளையம் வளையமாக, பட்டையோடு. கையை வைத்தால் கல். ஆட்டுக்கடா கொம்புபோலச் சுருண்ட சிப்பிகளும் கல். ஒரு கால் எலும்பை மாட்டெலும்பு என்று நினைத்து சமையல்கார ஹால்வோர் சூப்புப் பானையில் போட்டான். பிறகுதான் தெரிந்தது, அது பெங்குவின் எலும்பு. மனுஷன் உயரத்துக்கு நின்ற பெங்குவினாம். அதுவும் கல்லாகிப் போயிருந்தது. ஹால்வோரை அந்தப் பயணம் முடியும்வரை "கல்சூப்பு" என்றே கூப்பிட்டோம்.

உன் அப்பன் தூரால்ஃப்தான் அங்கே கிடந்த கல் ஒன்றை முதலில் பிளந்தான். பிளந்துவிட்டு, "அண்ணே, இங்க ஓடியா! கிறிஸ்துமஸ் மரத்த ஒடிச்சு உள்ள ஒளிச்சு வச்சிருக்கான்!" என்று கத்தினான். பார்த்தால் நம் வீட்டுக் கொல்லையில் நிற்கும் ஊசியிலை மரத்தின் கிளைபோலவே, அச்சு அசலாக, கல்லில் பதிந்த தழை. அன்று சாயங்காலம் படகுக்கும் பனிப்பாறைக்கும் நடுவில் அகப்பட்டு நசுங்கினான். என் மடியில்தான் போனான்.

சாவு வீட்டு வாசலில் தழை பரப்பாமல் நம் ஊரில் யாரையும் அனுப்பியது உண்டா? அந்த மண்ணில் தழைக்கு எங்கே போவது? ஹால்வோர்தான் சொன்னான், "ஏன், அவனே கண்டுபிடிச்சுக் குடுத்துட்டுப் போயிருக்கான்ல?" என்று. எல்லோரும் சரிவில் ஏறி, கல்லைப் பிளந்து பிளந்து, தழை பதிந்ததாகப் பொறுக்கி எடுத்து வந்து அவன்மேல் அடுக்கினோம். தெற்குக் குடாவில் இறங்கி, விழுந்து கிடக்கும் பெரிய கல்மரத்தின் வேர்ப்பக்கம் பார். தப்பாது.

மாரென் உன் கம்பளிச் சட்டையைக் கழற்றாதே என்கிறாள்.

உன் நலம் வேண்டும்
பெரியப்பா ஆஸ்முண்ட்


தெற்கு ஜார்ஜியா
1927 நவம்பர் 19

அன்புள்ள பெரியப்பாவுக்கு,

வணக்கம். கடவுள் கிருபையில் சுகமாக இருக்கிறேன். அம்மாவுக்கு இருமல் தணிந்திருக்கும் என்று நம்புகிறேன். தேனும் சூடான பாலும் கொடுக்கச் சொல்லுங்கள். பெர்த்தே அத்தைக்கு என் அன்பு.

பருவம் அருமையாகத் தொடங்கியிருக்கிறது. என் முதல் குண்டே நீலத் திமிங்கிலத்தில் பாய்ந்தது. கரையில் நாற்றம் சொல்லி மாளாது, ஆனால் அந்த நாற்றம்தானே நமக்குச் சோறு. என் அறைக்குக் கதவு இருக்கிறது, பெரியப்பா! மற்றவர்கள் அடுக்குப் படுக்கையில் முட்டிக்கொண்டு படுக்கிறார்கள், நான் கதவைச் சாத்திக்கொண்டு தூங்குகிறேன். முதலாளி எனக்கென்று தனியாக ஒரு பைனாகுலர் கொடுத்தனுப்பியிருக்கிறார். வரும்போது அம்மாவுக்கு பியூனஸ் அயர்ஸிலிருந்து சால்வை வாங்கி வருவேன். உங்களுக்குப் புகையிலை.

இந்த வருஷமும் பனி கனமாகத்தான் இருக்கிறது. பார்ப்போம்.

அம்மாவை முத்தமிடுங்கள்.

உங்கள்
ஐலெர்ட்


ஸாண்டஃபியோர்
1928 ஜனவரி 3

ஐலெர்டுக்கு,

புது வருஷம் உனக்கு நல்லதாகப் பிறந்திருக்கட்டும். மாரென் படுத்தவள் எழவில்லை. உன் கடிதத்தை பெர்த்தே திரும்பத் திரும்ப வாசித்தாள். "தழையப் பத்தி ஒண்ணும் எழுதலயா?" என்று மட்டும் கேட்டாள் உன் அம்மா. நான் சுகமாக இல்லை. ரெண்டு வாரமாகச் சாப்பாடு இறங்கவில்லை. சொல்கிறேன் கேள்.

கிறிஸ்துமஸுக்கு முன்னால் விபோர்க் முதலாளி தன் புது வீட்டில் பழைய மாலுமிகளுக்கெல்லாம் விருந்து வைத்தார். பால்கஞ்சி, பன்றி விலா, சாராயம். எங்களைப் பெரிய கூடத்தில் கணப்புக்கு எதிரே உட்கார வைத்தார்கள். கண் தெரியாத கிழவர்கள் என்று நினைத்திருப்பார்கள். எனக்குக் கண் நன்றாகவே தெரியும்.

கணப்பைச் சுற்றிச் சுவரில் கல் பதித்திருந்தது. ஒவ்வொரு கல்லிலும் தழை. மேல் வரிசையில் நடுக்கல்லைப் பார்த்தேன். கவட்டையாகப் பிரிந்த கிளை, ஒரு மூலை மட்டும் உடைந்தது. அந்த மூலையை உடைத்தவன் நான். சீல் உரிக்கும் கத்தியால் நெம்பும்போது தெறித்து என் கட்டைவிரலைக் கிழித்தது. தழும்பு இருக்கிறது, இப்போதுகூட பெர்த்தேயிடம் காட்டினேன். (காட்டினார். — பெர்த்தே)

முதலாளி வந்து தோளில் கை போட்டார்.

"என்ன ஆஸ்முண்ட், செவுத்தையே மொறச்சுக்கிட்டு இருக்க? தென்துருவத்துக் கல்லுப்பா அது. மனுசன்னு ஒருத்தன் பொறக்கறதுக்கு முன்னாடி அங்க காடா கெடந்துச்சாம். பல்கலைக்கழகத்து ஆளு ஒருத்தர் வந்து பாத்துட்டு அப்படியே நின்னுட்டாரு."

"எங்கருந்து வந்துச்சு?"

"நம்ம பசங்க கொண்டாந்தாங்க. தேடவே வேணாமாம். நல்ல நல்ல கல்லா யாரோ பொறுக்கி ஒரே எடத்துல குமிச்சு வச்ச மாதிரி கெடந்துச்சாம். அதிர்ஷ்டத்தப் பாரு!"

"குமிச்சு வச்சது நாந்தாங்க. அதுக்குக் கீழ என் தம்பி படுத்திருக்கான்."

முதலாளி சிரித்தார். "யாருப்பா அங்க, ஆஸ்முண்டுக்குச் சாராயம் போதும், காப்பி குடுங்க" என்றார். பக்கத்தில் நின்ற வங்கிக்காரர் தன் சுருட்டை அந்தக் கல்லில் வைத்து நசுக்கி அணைத்தார். தழையின் நடு நரம்பில், ஐலெர்ட். சாம்பலை விரலால் அதிலேயே தேய்த்தார். இன்னொருவன் பன்றிக் கொழுப்பு வழியும் கையை ஊன்றிக்கொண்டு கதை சொன்னான். கல் கொழுப்பைக் குடித்துக் கறுத்துப் போயிருந்தது.

வெளியே வந்து லாயத்துக்குப் பின்னால் பனியில் எல்லாவற்றையும் வாந்தி எடுத்தேன். அவன் வீட்டுக் கஞ்சி ஒரு பருக்கை வயிற்றில் தங்கக் கூடாது என்று விரலை விட்டு எடுத்தேன்.

மாரெனிடம் சொல்லவில்லை. பெர்த்தேயிடம் பைபிள்மேல் சத்தியம் வாங்கியிருக்கிறேன். நீ அங்கே இருக்கிறாய். போய்ப் பார். எந்த நாய்கள் உன் அப்பனைத் திறந்து போட்டன என்று கண்டுபிடி. (நாய்கள் என்று அவர் சொல்லவில்லை. அவர் சொன்னதை நான் எழுத மாட்டேன். — பெர்த்தே)

பெரியப்பா


ஸாண்டஃபியோர்
1928 பிப்ரவரி 12

ஐலெர்டுக்கு,

நீ நலமா? தபால் வரவில்லை. கம்பெனி ஆபீஸில் கேட்டால் பனி, கப்பல், மான்டிவிடியோ என்று ஏதோ சொல்கிறார்கள்.

மாரென் இப்போது அதிகம் பேசுவதில்லை. நேற்று என்னைக் கூப்பிட்டு, "அவருக்குக் குளிராதுல்ல? மேல தழை இருக்குல்ல?" என்றாள். இருக்கிறது என்றேன். சொல்லிவிட்டு வெளியே போய்க் காறித் துப்பினேன், என் வாயின் ருசி எனக்கே பிடிக்கவில்லை. முதலாளி வீட்டுப் புகைபோக்கி என் ஜன்னலிலிருந்து தெரிகிறது. தினமும் புகைகிறது. ஜன்னலில் பழைய பாயைத் தொங்கவிட்டிருக்கிறேன். பெர்த்தே, "பட்டப்பகல்ல இருட்டுல உக்காந்துக்கிட்டு, பேய் மாதிரி!" என்று திட்டுகிறாள்.

எனக்கு வேண்டியது ஒன்றுதான். அந்தக் கற்கள் தூரால்ஃப்மேல் திரும்பப் போக வேண்டும். எப்படி என்று எனக்குத் தெரியாது. நீ பீரங்கிக்காரன், முதலாளிக்கு வேண்டியவன். உன் பேச்சை அவர் கேட்பார். என்னைக் கேட்டால் காப்பி கொடுப்பார்.

சீக்கிரம் எழுது. மாரெனுக்காகவாவது.

பெரியப்பா


கடலில்
1928 பிப்ரவரி 24

அன்புள்ள அம்மாவுக்கும் பெரியப்பாவுக்கும்,

வணக்கம். நான் நலம். அம்மா தேறி வருவதாகவே நினைத்துக்கொள்கிறேன்.

பெரியப்பாவின் ஜனவரிக் கடிதம் கைக்கு வந்தது. கேட்டுக்கொண்டபடி தீவில் இறங்கினேன். நல்ல வெயில் நாள். அப்பாவின் இடம் அப்படியே இருக்கிறது. தழைக்கற்கள் எல்லாம் ஒன்றுகூடக் குறையாமல் இருக்கின்றன. தலைமாட்டில் சிலுவை நேராக நிற்கிறது. அம்மா, நான் சிலுவைக்கு முன்னால் முட்டி போட்டு, நீங்கள் சொல்லச் சொன்ன ஜெபத்தைச் சொன்னேன். நிம்மதியாக இருங்கள்.

பெரியப்பா முதலாளி வீட்டில் பார்த்தது வேறு கற்களாக இருக்கும். சரிவு முழுக்க அந்த மாதிரிக் கற்கள்தான். ஒன்றைப்போலத்தான் இன்னொன்று இருக்கும். வயசான கண்கள் ஏமாறக்கூடும், அதில் தப்பில்லை. முதலாளியிடம் இதைப் பற்றிப் பேச வேண்டாம் என்று கேட்டுக்கொள்கிறேன். அவர் நல்ல மனிதர்.

பியூனஸ் அயர்ஸ் போய்வந்த கப்பல்காரனிடம் சொல்லிச் சால்வை வாங்கிவிட்டேன், அம்மா. நீல நிறம்.

உங்கள் மகன்
ஐலெர்ட்


ஸாண்டஃபியோர்
1928 ஏப்ரல் 16

ஐலெர்ட்,

இந்தக் கடிதம் கம்பெனி ஆபீஸில் உனக்காகக் காத்திருக்கும். நீ நலமா என்று நான் கேட்கவில்லை.

மாரென் போய்விட்டாள். உன் கடிதம் வந்த அன்று பெர்த்தே அவள் காதோரம் உட்கார்ந்து வாசித்தாள். சிலுவை இருந்த வரியை மறுபடி வாசிக்கச் சொன்னாள். பிறகு சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்தாள். ரெண்டு நாள் அப்படியே தூங்கினாள், அவ்வளவுதான். உன் கடிதத்தால் அவள் நிம்மதியாகப் போனாள். அதற்காக உனக்கு நன்றி சொல்ல வேண்டும் என்று பெர்த்தே சொல்கிறாள். வேண்டுமானால் அவளே சொல்லட்டும், நான் சொல்ல மாட்டேன்.

சிலுவை கிடையாது, ஐலெர்ட். என்றைக்கும் இருந்ததில்லை. எங்களிடம் ஒரு துண்டு மரம் மிச்சமில்லை, உடைந்த பலகையைக்கூட அடுப்பில் போட்டுவிட்டோம். ஊர் திரும்பியதும் பாதிரியார் வீட்டுக் கூடத்தில் வைத்துக் கேப்டன்தான் மாரெனிடம் "சிலுவை நட்டோம்மா" என்று சொன்னார். வயிற்றுப்பிள்ளைக்காரி, அழுதுகொண்டிருந்தாள். நான் மறுத்துப் பேசவில்லை. ஆக, நீ அவள் சொன்ன கதையைப் பார்த்து எழுதியிருக்கிறாய். தீவைப் பார்த்து எழுதவில்லை. பயந்திருப்பான், சோம்பியிருப்பான், அம்மாவைத் தேற்றுவதற்காகச் சொல்லியிருப்பான் என்று என் மனசை நானே ஏமாற்றிக்கொண்டேன், சவ அடக்க நாள் வரைக்கும்.

அன்று வாசலிலிருந்து சாலை வரைக்கும் நானும் பெர்த்தேயும் தழை பரப்பி முடித்திருந்தோம். பச்சை வாசனை. கம்பெனிக் குமாஸ்தா தொப்பியைக் கழற்றிக்கொண்டு ஒரு பெட்டியோடு தழைமேல் மிதித்து வந்தான். திறந்தால் பஞ்சுமெத்தையில் ஒரு கல். ஷூவுக்குப் போடுவதுபோல மெழுகு போட்டு மினுக்கிய கல். கீழே பித்தளைத் தகடு. பெர்த்தே வாசித்தாள்: "ஆழ்ந்த அனுதாபங்களுடன், விபோர்க் திமிங்கிலக் கம்பெனி."

மூலை உடைந்த கல் அது.

"முதலாளியே செவுத்துலருந்து எடுக்கச் சொன்னாரு, தாத்தா. அன்னிக்கு நீங்க இதையே பாத்துக்கிட்டு இருந்தீங்களாம், உங்களுக்குப் புடிச்சிருக்கும்னாரு," என்றான் குமாஸ்தா. நல்ல பிள்ளை, பாவம், கண் கலங்கியிருந்தது. "அதுவும் இல்லாம, பெத்த புள்ளை கொண்டாந்த கல்லு. அம்மாவுக்கு இதவிடப் பொருத்தமா என்ன குடுக்க முடியும்?"

"எந்தப் புள்ள?"

"ஐலெர்ட் சார்தான். போன பருவத்துல அவர்தான எடம் காட்டி எடுத்தாந்தாரு. உங்ககிட்டச் சொல்லலயா?"

பெர்த்தே என் கையைப் பிடித்திராவிட்டால் நான் அங்கேயே, அந்தத் தழைமேலேயே வாந்தி எடுத்திருப்பேன்.

ஆக, போன வருஷம் பனி கரையை அடைக்கவில்லை. முதலாளிக்குக் கணப்புக்குக் கல் வேண்டும். சரிவில் ஏறி, குளிரில் விரல் விறைக்கத் தேட வேண்டும். உனக்குத் தேடும் வேலையே இல்லை. பொறுக்கிக் குவித்த இடம் உனக்குத் தெரியும். உன் அம்மா உனக்கு ஊட்டி வளர்த்த கதையில் அடையாளம் இருந்தது, தெற்குக் குடா, பெரிய கல்மரம், வேர்ப்பக்கம். மாரென் மடியில் கிடந்து கேட்டதை வழிகாட்டியாக வைத்துக்கொண்டு போய், உன் அப்பன் போர்வையை உருவிக் கொடுத்து ஒரு பீரங்கி வாங்கியிருக்கிறாய். கதவு வைத்த அறை வாங்கியிருக்கிறாய்.

திமிங்கிலத்தின் குடலுக்குள் நின்று வேலை செய்தவன் நான். அழுகிய சீல் கொழுப்பில் தூங்கியிருக்கிறேன். எனக்கு எதுவும் அருவருத்ததில்லை. உன் கடிதத்தை இடுக்கியால் எடுத்துத்தான் அடுப்பில் போட்டேன். (உண்மை. — பெர்த்தே)

அங்கே எதுவும் அழுகாது, ஐலெர்ட். பல்லாயிரம் வருஷத்துத் தழையே அழுகவில்லை. கல்லை எடுத்திருந்தால் அவனைப் பார்த்திருப்பாய். அதைப் பற்றி நான் உன்னிடம் ஒன்றும் கேட்க மாட்டேன்.

பித்தளைத் தகட்டைக் கத்தியால் நெம்பி எடுத்துக் குமாஸ்தா கையிலேயே கொடுத்தேன். மெழுகைச் சுரண்டினேன். கல்லை மாரென் நெஞ்சில் வைத்து மூடினேன். பாதிரியார் பார்த்துவிட்டு ஜெபத்தைத் தொடர்ந்தார்.

என் வாசலுக்கு வராதே.

ஆஸ்முண்ட்


ஸாண்டஃபியோர்
1928 மே 22

பெரியப்பாவுக்கு,

வணக்கம். உங்கள் உடம்பு எப்படி இருக்கிறது? நான் துறைமுகத்துக்குப் பக்கத்தில் மாலுமிகள் விடுதியில் தங்கியிருக்கிறேன். கப்பல் வந்து ஒரு வாரம் ஆகிறது.

உங்கள் கடிதத்தை வாசித்தேன். கல்லறைத் தோட்டத்துக்குப் போனேன். சால்வையை அங்கே வைக்கலாம் என்று எடுத்துப் போனேன், காற்று அடித்தது, திரும்பக் கொண்டுவந்துவிட்டேன். வீட்டு கேட் வரைக்கும் வந்தேன். வாசலில் தழை காய்ந்து பழுப்பாகக் கிடந்தது. நீங்கள் இன்னும் பெருக்கவில்லை. உள்ளே பெர்த்தே அத்தை குரல் கேட்டது. உங்கள் குரலும் கேட்டது. மீன் விலையைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தீர்கள்.

ஒரு தடவை நேரில் பேச விடுங்கள். எழுத்தில் எனக்கு வரவில்லை.

ஐலெர்ட்


ஸாண்டஃபியோர்
1928 மே 24

ஐலெர்ட்,

என் உடம்பு எனக்கு இருக்கிறது.

கூப்பிடு தூரத்தில் இருந்துகொண்டு தபால் தலை ஒட்டி அனுப்புகிறாய். சரிதான். எனக்கும் அதுவே வசதி. கடிதத்துக்கு முகம் இல்லை. உன் முகம் அவன் முகம். அந்த முகத்தை இப்போது பார்த்தால் நான் என்ன செய்வேன் என்று எனக்கே தெரியாது.

பேசி என்ன ஆகப்போகிறது? மன்னிப்புக் கேட்பாய். அழுவாய். பெர்த்தே காப்பி போடுவாள். நாம் காப்பி குடிக்கும்போது அங்கே அந்தச் சுவரில் எவனாவது சுருட்டு அணைத்துக்கொண்டிருப்பான். எனக்குக் குமட்டுகிறது.

கற்கள் இன்னும் அந்த வீட்டில்தான் இருக்கின்றன. அவற்றைப் பற்றிச் சொல்ல ஏதாவது இருந்தால் எழுது. வேறு எதற்கும் தபால் தலையை வீணாக்காதே.

ஆஸ்முண்ட்

(ஐலெர்ட், நான் பெர்த்தே. இதை அவருக்குத் தெரியாமல் எழுதுகிறேன். உன் கடிதத்தை வாசித்தபோது அவர் ஜன்னலைப் பார்த்துத் திரும்பிக்கொண்டார். பாய்தான் தொங்குகிறது, பார்க்க ஒன்றுமில்லை. தழையைப் பெருக்க வேண்டாம் என்று சொல்லியிருக்கிறார். ஏன் என்று நான் கேட்கவில்லை. வேளைக்குச் சாப்பிடு.)


ஸாண்டஃபியோர்
1928 ஆகஸ்ட் 30

பெரியப்பாவுக்கு,

வணக்கம். நீங்களும் பெர்த்தே அத்தையும் சுகமாக இருக்க வேண்டுகிறேன். கற்களைப் பற்றிச் சொல்ல ஏதாவது இருந்தால்தான் எழுத வேண்டும் என்றீர்கள். அதனால்தான் மூன்று மாதம் எழுதவில்லை.

முதலாளியிடம் போய்க் கேட்டேன். முதல் தடவை சிரித்தார். இரண்டாம் தடவை கோபப்பட்டார். மூன்றாம் தடவை, "வீட்டுச் செவுத்த இடிச்சுக்கிட்டுப் போறவன என் கப்பல்ல ஏத்த முடியாது. கல்லா, பீரங்கியா? ரெண்டுல ஒண்ணச் சொல்லு" என்றார். சொன்னேன். பைனாகுலரை மேசையில் வைத்துவிட்டு உளியை எடுத்தேன். வேலைக்காரர்களைத் தொட வேண்டாம் என்று சொல்லிவிட்டார், நானேதான் பெயர்க்க வேண்டும் என்றார். முதலாளியம்மா மூக்கில் கைக்குட்டையை வைத்துக்கொண்டு, தூசி பறக்கிறது என்று பக்கத்தில் நின்று சொல்லிக்கொண்டே இருந்தார்.

சலவைச் சோப்பும் பிரஷ்ஷும் வைத்துக் கழுவினேன். சுருட்டு நாற்றமும் கொழுப்பும் தண்ணீரில் கறுப்பாக இறங்கின. விடுதிக்காரி வாளியை வெளியே கொண்டுபோகச் சொல்லிவிட்டாள். நானும் அந்த வாளிக்குமேல் குனிந்து நின்றேன், பெரியப்பா. நீங்கள் லாயத்துக்குப் பின்னால் நின்றதுபோல. சில நரம்புகளில் கரி ஏறியது ஏறியதுதான், போகவில்லை. இரண்டு கற்கள் பெயர்க்கும்போது உடைந்தன. துண்டுகளையும் எடுத்து வைத்திருக்கிறேன்.

வேறொரு கம்பெனியில் கொழுப்பு அறுக்கும் கூலியாகச் சேர்ந்திருக்கிறேன். அடுத்த வாரம் கப்பல். கேப்டன் அந்தத் தீவில் தண்ணீருக்கு நிறுத்துவதாகச் சொல்லியிருக்கிறார். கற்கள் வைக்கோல் சுற்றிப் பெட்டியில் இருக்கின்றன. பெட்டி என் படுக்கைக்குக் கீழே இருக்கும்.

கல்யாணப் படத்தில் அப்பாவுக்கு மழித்த முகம். அவருக்குத் தாடி செம்பட்டை என்று அம்மாவோ நீங்களோ எனக்குச் சொன்னதே இல்லை.

கற்களை எடுத்த அன்று, தழை பதியாத வெறுங்கற்கள் கையில் கிடைத்ததைப் போட்டு மூடிவிட்டு ஓடி வந்தேன். எப்படி அடுக்கியிருந்தீர்கள் என்று நான் பார்க்கவில்லை. அதனால் ஒன்று மட்டும் கேட்கிறேன். தழை பதிந்த பக்கத்தை மேலே பார்க்க வைக்க வேண்டுமா, உள்ளே பார்க்கவா?

ஐலெர்ட்


ஸாண்டஃபியோர்
1928 செப்டம்பர் 1

ஐலெர்டுக்கு,

உள்ளே. அவன் முகத்தைப் பார்க்க. தழை அவனுக்கு, வானத்துக்கு இல்லை.

காலிலிருந்து அடுக்கிக்கொண்டு போ. முகத்தைக் கடைசியாக மூடு. அங்கே காற்று தெற்கிலிருந்து வரும், அந்தப் பக்கம் கனமான கல்லாக வை. உடைந்த துண்டுகளைக் கைகளுக்குப் பக்கத்தில் வை. கையுறை போட்டுக்கொண்டு வைக்காதே.

உன்னை நினைத்தால் எனக்கு இன்னும் குமட்டத்தான் செய்கிறது. அதை மறைத்து எழுத பெர்த்தேயை நான் விட மாட்டேன். நீ போகும்போது துறைமுகத்துக்கு வர மாட்டேன்.

முகத்துக்கு நேராக ஒரு கல் குறையும். எண்ணிப் பார்த்துவிட்டு வேறு கல் தேடிச் சரிவில் ஏறாதே. அந்த இடத்தில் உன் வெறுங்கற்களில் ஒன்றை வைத்து மூடு. அந்தத் தழை மாரெனிடம் இருக்கிறது. அதையும் உள்ளே பார்க்கத்தான் வைத்தேன்.

பெரியப்பா